லித்தோட்ரிப்சி: கரைப்பதா, நொறுக்குவதா?

“அதிர்ச்சி அலையால் கல்லைக் கரைக்கிறார்கள்.” வெளியிலிருந்து அலைகளைச் செலுத்திச் சிறுநீரகக் கல்லை உடைக்கும் சிகிச்சையான லித்தோட்ரிப்சியைப் பற்றி இப்படித்தான் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நான்கே சொற்கள், அதில் இரண்டு தவறு.

சொல்லின் வேர் எளிது. கிரேக்கத்தில் லித்தோஸ் என்றால் கல், ட்ரிப்சிஸ் என்றால் தேய்த்தல், அரைத்தல். 1980இல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு உடலுக்கு வெளியிலிருந்து அலைகளைக் குவித்துச் செய்தபோதும் கல் உடைந்தது, கரையவில்லை.

கரைதல் என்பது உப்பு தண்ணீரில் மறைவது போல. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். அதைக் கரைக்க மருந்தே கிடையாது. யூரிக் அமிலக் கல் வேறு: பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் உண்மையிலேயே கரையும். ‘கல் கரைப்பு’ என்ற சொல் அந்தச் சிகிச்சைக்கு வேண்டும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன சொல்வது?

இது வெறும் சொல் சண்டை இல்லை. கரைந்துவிடும் என்று நம்பிப் போனவர், இரண்டு நாள் கழித்துச் சிறுநீரில் இரத்தமும் மணலும் வந்து, விலாவிலிருந்து அடிவயிறு வரை மறுபடி வலித்தால் பயந்துபோவார். ‘நொறுக்கல்’ என்று சொல்லிப் பாருங்கள். நொறுங்கினால் துண்டு இருக்கும், துண்டு சிறுநீர்க்குழாய் வழியே இறங்கித்தான் ஆகவேண்டும், இறங்கும்போது வலிக்கலாம். எல்லாம் சொல்லிலேயே இருக்கிறது.

சிலர் ‘கற்சிதைவு’ என்கிறார்கள். சிதைவு தானாக நடப்பது. ஒருவர் செய்வது சிதைப்பு. சொல்லாக்கத்தில் இறங்குகிறவர்கள் தன்வினை, பிறவினையாவது பார்க்க வேண்டாமா? ‘அதிர்ச்சி’யும் அப்படித்தான். கேட்பவருக்கு மின்சார ஷாக்தான் நினைவுக்கு வரும். ‘அதிர்வலை’ போதும். ஆக, அதிர்வலைக் கல்நொறுக்கல்.

மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள், சிகிச்சையைப் பார்ப்பதில்லை. கையில் இருக்கும் சொல்லையும் பார்ப்பதில்லை. சித்த மருத்துவத்தில் ‘கல்லடைப்பு’ என்று ஒரு சொல் இருக்கிறது. சிறுநீரகத்தில் சும்மா கிடக்கும் கல் பல நேரம் வலிப்பதே இல்லை. இறங்கி வந்து குழாயை அடைக்கும்போதுதான் ஆளைத் துடிக்க வைக்கிறது. அந்த அடைப்பைப் பெயரிலேயே வைத்திருக்கும் சொல்லை விட்டுவிட்டு, ‘சிறுநீரகக் கல் நோய் நிலை’ என்று நீட்டி எழுதுகிறார்கள்.