பேட்டரியை மாட்டிவிட்டு ட்ரிம்பாட்டைத் திருகாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கும் தர்மபுரித் தம்பி ஒருவர், நேற்று சாயங்காலம் ஒரு பக் கன்வர்ட்டர் (உள்ளே வரும் டிசி வோல்டேஜைக் குறைத்துத் தருவது) மாட்யூலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளீட்டுப் பக்கத்துக் கெபாசிட்டரின் அலுமினியக் கூடு கழன்று எங்கோ போய்விட்டது. உள்ளே இருந்த காகிதச் சுருள் வெடித்த பட்டாசுபோல விரிந்து கிடந்தது. மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை.

"அடாப்டர் 24 வோல்ட்தான் சார். கெபாசிட்டர் 35 வோல்ட். எப்படி வெடிக்கும்? டூப்ளிகேட்டா இருக்குமோ?"

எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கியதென்றால் இந்தச் சந்தேகம் யாருக்கும் வரும். நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் நான் கேட்டது வேறு: "பேட்டரி மாட்டியிருக்கும்போது வோல்டேஜைக் குறைச்சீங்களா தம்பி?"

குறைத்திருக்கிறார். பட்டறையின் ரூட்டருக்கும் கேமராவுக்கும் கரண்ட் போனால் ஓடட்டும் என்று, 24 வோல்ட் அடாப்டர், இந்த மாட்யூல், 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி என்று ஒரு ஏற்பாடு. முதலில் 14.4 வோல்ட்டில் வைத்திருந்தார். எப்போதும் மாட்டியே இருக்கும் பேட்டரிக்கு 13.8 போதும் என்று யாரோ சொல்ல (சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்), ஸ்க்ரூடிரைவரை எடுத்து ட்ரிம்பாட்டை, அதாவது வெளியீட்டு வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகை, திருகினார். டப்.

மாட்யூலைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது ஒரே விஷயம்: "இது சிங்க்ரோனஸ் சார். டையோடுக்குப் பதிலா மாஸ்ஃபெட். சூடாகாது. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதானே?" (மாஸ்ஃபெட் என்பது, கேட் என்ற முனையில் வோல்டேஜ் கொடுத்தால் திறந்து கரண்டை விடும் எலெக்ட்ரானிக் சுவிட்ச்.)

அந்த 'ஒண்ணுதானே'தான் என்னை எழுத வைத்தது. இதே பேச்சை டிப்ளமா பையன்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன், பதினைந்து வருஷ அனுபவசாலிகள் வாயிலும் கேட்டிருக்கிறேன்.

சூடாகாது என்பது உண்மை. காயிலில் 10 ஆம்பியர் ஓடும்போது ஷாட்கி டையோடில் (சாதாரண டையோடைவிடக் குறைவாக வோல்டேஜ் விழும் வகை) அரை வோல்ட் விழுந்தால் அங்கேயே 5 வாட் வெப்பம். அதே இடத்தில் 5 மில்லிஓம் மாஸ்ஃபெட் திறந்திருந்தால் அரை வாட். அதற்காகத்தான் இவ்வளவு பாடும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் டையோடு என்பது கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு. தண்ணீர் மேலே ஏறும்போது தானே திறக்கும், கீழே இறங்கப் பார்த்தால் தானே மூடும். யாரும் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்ஃபெட் ஏரி மதகு. திறந்துவிட்டால் எந்தப் பக்கம் மட்டம் உயரமோ அங்கிருந்து எதிர்ப்பக்கத்துக்குத் தண்ணீர் போகும். மூட வேண்டுமானால் ஆள் வந்து மூட வேண்டும். "கரண்ட் டிரெயினிலிருந்து சோர்ஸுக்குத்தானே போகும்?" (மாஸ்ஃபெட்டின் மற்ற இரண்டு முனைகள் அவை) என்று கேட்பவர்களுக்கு: இல்லை. கேட்டில் வோல்டேஜ் இருக்கும்வரை அது இரண்டு பக்கமும் கடத்தும் ஒரு சின்ன ரெசிஸ்டர். பக் கன்வர்ட்டரில் மேல் மாஸ்ஃபெட் உள்ளீட்டைக் காயிலோடு இணைக்கும், டையோடு இருந்த இடத்தில் உள்ள கீழ் மாஸ்ஃபெட் காயிலைத் தரையோடு இணைக்கும்; அந்தக் கீழ் மாஸ்ஃபெட்டில் முறையாக ஓடும் கரண்டே சோர்ஸிலிருந்து டிரெயினுக்குத்தான். அதைச் சுமப்பதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறோம்.

ஆக, சிங்க்ரோனஸ் பக் ஒருவழிப் பாதை இல்லை. வெளியீட்டுப் பக்கம் நின்று பார்த்தால் அதே மாஸ்ஃபெட்டுகள், அதே காயில், வோல்டேஜை உயர்த்தித் தரும் ஒரு பூஸ்ட் கன்வர்ட்டர். தம்பியின் பேட்டரி அப்போது 14 வோல்ட்டுக்கு மேலே இருந்திருக்கும். கன்ட்ரோலரிடம் 13.8 கொண்டுவா என்று சொல்லியாயிற்று. அது பேட்டரியைக் கீழே இழுக்கப் பார்க்கும். இழுத்த கரண்டை எங்கே தள்ளும்? உள்ளீட்டுக்கு. அங்கே அடாப்டர் வாங்கிக்கொள்ளாது, அதன் ரெக்டிஃபையர் வழிவிடாது. கெபாசிட்டர்கள்தான் வாங்க வேண்டும். 14 வோல்ட்டில் 3 ஆம்பியர் திரும்பினால் 42 வாட். அடாப்டருடையதையும் சேர்த்து மொத்தம் 2,700 மைக்ரோஃபாரட் இருந்தால், 24 வோல்ட் 35-ஐத் தாண்டச் சுமார் 20 மில்லிசெகண்ட் போதும். ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுக்கக்கூட நேரமில்லை.

சொன்னால் நம்ப மாட்டார்கள். அதனால் செய்து காட்டினேன். நல்ல மாட்யூல் ஒன்றின் உள்ளீட்டுக்குக் குறுக்கே 24 வோல்ட் லாரி பல்பைப் போட்டு, திரும்பி வருவதைக் குடிக்க ஒரு வழி வைத்துவிட்டு, பேட்டரியோடு ட்ரிம்பாட்டைக் கொஞ்சம் குறைத்தேன். பிறகு அடாப்டர் பிளக்கைப் பிடுங்கினேன். பல்பு அணையவில்லை, இன்னும் பளிச்சென்று எரிந்தது. தம்பி பல்பைப் பார்த்தார், கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். "பேட்டரியிலேர்ந்தா சார்?" அவ்வளவுதான், பாடம் முடிந்தது. (இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பல்பு ஃப்யூஸ் போனால் அடுத்து உங்கள் கெபாசிட்டர்தான்.)

எல்லா சிங்க்ரோனஸ் ஐசியும் இப்படியா? இல்லை. பலவற்றில் டையோடு எமுலேஷன் உண்டு. காயில் கரண்ட் பூஜ்யத்தைத் தொட்டதும் கீழ் மாஸ்ஃபெட்டை மூடிவிடும். அந்த மதகுக்காரன் விழித்திருக்கிறானா என்பது டேட்டாஷீட்டில் இருக்கும். ஃபோர்ஸ்டு பிடபிள்யூஎம் (காயில் கரண்ட் திரும்பினாலும் மூடாமல் ஓட்டும் முறை) என்று எழுதியிருந்தால் உஷாராகுங்கள். மாட்யூல் விற்பவர் டேட்டாஷீட் தரமாட்டார், ஐசியின் எண்ணைச் சுரண்டியும் வைத்திருப்பார். அப்படியானால் திருப்பித் தள்ளும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாட்யூலைப் பேரலலாகப் போட்டு இரட்டைக் கரண்ட் எடுக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். ஒன்று 12.05, இன்னொன்று 11.95 என்றிருந்தால் முன்னது தள்ளும், பின்னது விழுங்கும். லோடே இல்லாமல் இரண்டும் கொதிக்கும்.

சரி, என்ன செய்வது? வோல்டேஜ் வைப்பதெல்லாம் பேட்டரியை மாட்டுவதற்கு முன். மாட்டிய பிறகு ட்ரிம்பாட்டைத் தொடாதீர்கள், தொட்டே ஆகவேண்டுமென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். வெளியீட்டில் பேட்டரிக்கு முன்னால் தொடராக ஒரு ஷாட்கி டையோடு போடுங்கள். "அப்ப சிங்க்ரோனஸ் வாங்கினதே வீணா?" என்று கேட்பீர்கள். 5 ஆம்பியரில் 0.4 வோல்ட் என்றால் 2 வாட். பேட்டரிக்குப் போவது 69 வாட். அந்த 3 சதவீதத்தைக் கொடுத்துவிட்டுப் போங்களேன். ஷாட்கி சின்னச் சார்ஜில் குறைவாகவும் பெரிய சார்ஜில் அதிகமாகவும் விழுங்கும், அதனால் பேட்டரி முனையில் 13.8-ஐத் தாண்டவில்லை என்பதைச் சார்ஜ் முடியும் தறுவாயில் மீட்டர் வைத்துப் பாருங்கள். உள்ளீட்டில் 50 வோல்ட் கெபாசிட்டர் இருந்தால் நல்லது, ஆனால் அது நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. டிவிஎஸ் டையோடும் அப்படித்தான். நொடிப்பொழுது அடியைத் தாங்கும், தொடர்ந்து வரும் 42 வாட்டை அல்ல.

ரிப்பேர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறது என்பதற்காகக் கையில் கிடைத்த மாஸ்ஃபெட்டைச் சொருகாதீர்கள். கேட் சார்ஜ் (கேட்டை நிரப்பவும் காலி செய்யவும் வேண்டிய மின்னூட்டம்) அதிகமென்றால் கீழ் மாஸ்ஃபெட் மூடத் தாமதமாகும், அதற்குள் மேல் மாஸ்ஃபெட் திறந்துவிடும். சப்ளை நேராக ஷார்ட். அப்புறம் "நேத்துதான் சார் மாத்தினேன்" என்று வந்து நிற்பீர்கள்.

கடைசியாக, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் போடுங்கள். மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும். கீழ் மாஸ்ஃபெட் ஷார்ட்டானால், பேட்டரிக்கும் தரைக்கும் நடுவே மிஞ்சுவது காயிலின் நாலு சுற்றுச் செம்புக் கம்பிதான். 7 ஆம்பியர்-அவர் பேட்டரியே ஒயரைச் சிவக்க வைக்கும். தம்பியின் பட்டறையில் அந்த ஏற்பாடு மரப்பலகைமேல், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இருக்கிறதாம். கிளம்பும்போது என் டப்பாவிலிருந்து ஃப்யூஸ் ஹோல்டர் ஒன்றை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்பினேன்.