டிசபிலிட்டி வந்தாலும் சைல்ட் சப்போர்ட் தானாகக் குறையாது

அமெரிக்காவில் விவாகரத்துக்குப் பிறகு சைல்ட் சப்போர்ட், அதாவது பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை, கட்டி வருபவரா நீங்கள்? உடம்பு முடியாமல் வேலை நின்றுவிட்டால், தொகையைக் குறைக்கக் கேட்டு உடனே கோர்ட்டில் மனு போடுங்கள். டிசபிலிட்டி, அதாவது வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை, பற்றிய முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதுகு ஆபரேஷன் ஆன ஒருவர் ஒரு பை நிறையக் கடிதங்களோடு என்னிடம் வந்தார். டிசபிலிட்டி கிடைக்க 14 மாதம் ஆகியிருந்தது. அத்தனை மாதமும் பழைய சம்பளக் கணக்கிலேயே பாக்கி ஏறியிருக்கிறது. டிசபிலிட்டி கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் சொன்னாராம், சைல்ட் சப்போர்ட் ஏஜென்சிக்கும் போன் செய்தாராம். "குறித்துக்கொண்டோம்" என்றார்களே தவிர, கோர்ட்டுக்குப் போகச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எல்லாம் கவர்ன்மென்ட்தானே, அவர்களுக்குள் சொல்லிக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்டார். மாட்டார்கள்.

1986-இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற மத்திய அரசுச் சட்டத்தின்படி, ஏறிய பாக்கியை நீதிபதியே இரக்கப்பட்டாலும் குறைக்க முடியாது. மனு போட்டு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்துதான் புதுக் கணக்கு.

அடுத்து, உங்களுக்கு வரும் டிசபிலிட்டி பணம் எஸ்.எஸ்.டி.ஐ.யா, எஸ்.எஸ்.ஐ.யா என்று அவார்டு லெட்டரில், அதாவது தொகை அனுமதித்து வரும் கடிதத்தில், பாருங்கள். எஸ்.எஸ்.டி.ஐ. நீங்கள் வேலை பார்த்து வரி கட்டியதற்கு வருவது. அது வருமானம்தான், அதிலிருந்து நேரடியாகவே பிடிப்பார்கள். உச்சவரம்பு, பாக்கியையும் உங்களை நம்பி வேறு குடும்பம் இருக்கிறதா என்பதையும் பொறுத்து, 50 முதல் 65 சதவீதம். எஸ்.எஸ்.ஐ. வறுமை பார்த்துக் கொடுப்பது. அதைப் பிடிக்கக் கூடாது. பிடிக்க மாட்டார்கள் என்பதால் கடன் நின்றுவிட்டது என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. உத்தரவு மாறும்வரை பாக்கி ஏறிக்கொண்டேதான் இருக்கும். எஸ்.எஸ்.ஐ. வரும் வங்கிக் கணக்கில் வேறு பணம் கலக்காதீர்கள். தவறாக முடக்கிவிட்டால், எது எஸ்.எஸ்.ஐ. என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

எஸ்.எஸ்.டி.ஐ. கிடைத்தால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் தனித் தொகை உண்டு, உங்கள் தொகையில் பாதி வரை. எஸ்.எஸ்.ஐ.க்கு இது கிடையாது. விண்ணப்பித்தால்தான் வரும், பிள்ளையை வைத்திருப்பவரே விண்ணப்பிக்கலாம், முன்னாள் கணவரோ மனைவியோ செய்வார் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். இந்தத் தொகையைப் பெரும்பாலான மாநிலங்கள் சைல்ட் சப்போர்ட்டில் கழித்துக்கொள்ளும். அதையும் மனுவில் எழுதிக் கேளுங்கள். கூடுதலாகப் போனது பொதுவாகத் திரும்பி வராது.

மனுவுக்கான கோர்ட் கட்டணம் கட்ட முடியாவிட்டால் தள்ளுபடிப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள். அப்புறம், கவுன்டரை விட்டு நகரும் முன் உங்கள் நகலில் கோர்ட் முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.