கான்சனன்ட் என்றால் மெய்யொலி

‘கான்சனன்ட்’ என்றால் மெய்யெழுத்து என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். எழுத்தைப் பற்றிய பேச்சு என்றால் அது சரி. காதில் விழுவதைப் பற்றிய பேச்சு என்றால் மெய்யொலி என்று சொல்வதே பொருத்தம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றல்ல. பொருளைக் குறிக்கும் ‘திங்’ என்ற சொல்லை எழுத நான்கு கான்சனன்ட் எழுத்துகள் வேண்டும். அதில் கேட்கும் மெய்யொலிகள் இரண்டே.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘கான்’ என்றால் உடன், ‘சொனாரே’ என்றால் ஒலித்தல். ஆக, உடன் ஒலிப்பது. கிரேக்கத்தில் இருந்த ‘சும்ஃபோனோன்’ என்ற சொல்லைப் பார்த்து லத்தீன்காரர்கள் அமைத்துக்கொண்டது இது. சிம்பொனிக்கும் அதே வேர்தான். தனியே ஒலிக்காது, உயிரோடு சேர்ந்தே ஒலிக்கும் என்று டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் உள்ள கிரேக்க இலக்கணம் காரணம் சொல்கிறது. ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்’, அதாவது மெய் அகரத்தோடு சேர்ந்தே இயங்கும் என்கிறது தொல்காப்பியம். உயிர் இருந்தால்தான் உடம்பு இயங்கும் என்பதால் நம் பெயர் இன்னும் ஆழமானது என்பேன்.

ஸ், ம் போன்றவற்றை உயிர் இல்லாமலும் நீட்டி ஒலிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ப், ட், க் விஷயத்தில் பழைய இலக்கணக்காரர்கள் சொன்னதை ஆய்வகமும் காட்டியது. அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் லிபர்மன் என்ற பேச்சொலி ஆய்வாளரின் குழுவினர், வரைந்த ஒலிப்படங்களைப் பேச்சாக மாற்றும் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். 1952இல் வெளியான சோதனையில் 1440 ஹெர்ட்ஸ் அளவுள்ள ஒரே வெடிப்போசையை வெவ்வேறு உயிர்களுக்கு முன் வைத்தார்கள். இகர, உகர ஒலிகளுக்கு முன்னால் அதைப் ப் என்று கேட்டவர்கள், அகரத்துக்கு முன்னால் க் என்று கேட்டார்கள்! ஓசை மாறவில்லை, பக்கத்து உயிர்தான் மாறியது.

ஓசையே இல்லாத இடத்திலும் மெய் கேட்கும். பிளவைக் குறிக்கும் ‘ஸ்லிட்’ என்ற சொல்லின் பதிவில், ஸ்-க்கும் ல்-க்கும் நடுவே விநாடியில் பத்தில் ஒரு பங்கு போல மௌனத்தைச் செருகினால் ‘ஸ்ப்லிட்’ என்று கேட்கிறது. ப் உச்சரிக்கும்போது உதடு மூடி ஓசை நிற்குமே, அந்த நிறுத்தத்தையே காது ப் என்று எடுத்துக்கொள்கிறது.

சொல்லின் கடைசியில் வேறொரு தடயம் உதவுகிறது. தொப்பியும் வாடகைக் காரும் தமிழ் எழுத்தில் ‘கேப்’தான். ஆங்கிலேயர் வாயில் காரின் உயிரொலி தொப்பியினுடையதைவிட நீளும். கடைசி மெய் தெளிவாக விழாவிட்டாலும் அந்த நீளத்தை வைத்தே கேட்பவர் எந்தக் கேப் என்று பிரித்துவிடுவார்.

சொல்லின் முதலில் வந்தால் கதை வேறு. மாத்திரையும் ரசீதும் நமக்கு ‘பில்’. மாத்திரையின் ப்-இல் உதடு திறந்து சுமார் 60 மில்லிவிநாடி கழித்தே குரல்நாண் அதிரத் தொடங்குகிறது. அந்த இடைவெளியில் மூச்சு வெளியேறுகிறது. ரசீதில் அந்த இடைவெளி அநேகமாக இல்லை. சிந்துவதைக் குறிக்கும் ‘ஸ்பில்’ பதிவில் முதல் ஸ்-ஐ வெட்டிவிட்டால், எழுத்துப்படி மாத்திரை மிஞ்ச வேண்டும். ஆங்கிலக் காதுக்கோ ரசீது கேட்கிறது. ஸ்-க்குப் பின் வரும் ப்-இல் அந்த மூச்சு இல்லை என்பதே காரணம்.

நம் ‘பல்’, ‘பால்’ சொற்களின் பகரத்திலும் அந்த மூச்சு கிடையாது. அதனால்தான் தமிழர் மாத்திரை கேட்டால் ஆங்கிலேயர் சில நேரம் ரசீது என்று புரிந்துகொள்கிறார். அழுத்திச் சொல்வதாலோ கத்திச் சொல்வதாலோ இது தீராது. உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்து, ப்-ஐ விடும்போது கையில் காற்று படுகிறதா என்று பாருங்கள். பட்டால் மாத்திரை.