நாய்க்கு ஏன் புளி ஆகாது?

"எங்கள் மணி பத்து வருஷமாகச் சாம்பார் சோறுதான் சாப்பிடுகிறான். நன்றாகத்தானே இருக்கிறான்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

சோற்றில் குற்றமில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். வீட்டு நாய்களுக்கு 4 முதல் 30 வரை இருப்பதை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். வெங்காயம் கெடுதல், அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் உடைக்கும். இது பலருக்குத் தெரியும். தெரியாதது புளி.

திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதைக் கால்நடை மருத்துவர்கள் வெகுநாளாகப் பார்த்து வந்தார்கள், காரணம்தான் பிடிபடவில்லை. அப்புறம், குழந்தைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற நாய்க்கும் அதே கதி வந்தது. அந்த மாவில் டார்டாரிக் அமில உப்பு இருந்தது. திராட்சையிலும் அந்த அமிலம் உண்டு. புளியிலோ நூறு கிராமுக்கு 8 முதல் 18 கிராம் வரை! புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றி 2022-இல் ஆய்வுக் கட்டுரையே வந்துவிட்டது.

நமக்கு ஒன்றும் ஆவதில்லையே? இங்கேதான் அழகு. சிறுநீரக நுண்குழாயின் ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு என்று வையுங்கள். ரத்தத்தின் பக்கம் முன்வாசல், சிறுநீரின் பக்கம் கொல்லை வாசல். அமிலம் முன்வாசலில் நுழைந்து கொல்லை வழியாக வெளியேற வேண்டும். மனிதச் செல்லின் கொல்லை வாசலில் ஓஏடி-4 என்ற புரதம் நின்று அதை வெளியே அனுப்புகிறது. நாய்க்கு அந்தப் புரதமே கிடையாது. அமிலம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, வெளியேற வழியில்லை, செல் சாகிறது.

1958-இல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்தில் எடுத்த செல்கள் இன்றும் ஆய்வகங்களில் வளர்கின்றன. டார்டாரிக் அமிலம் பட்டதும் அவை மடிந்தன. மனித ஓஏடி-4-ஐ அவற்றில் பொருத்தியதும் பிழைத்தன! 2023-இல் வெளியான இந்தச் சோதனையைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சாம்பாரில் கரையும் புளி குறைவு. தாங்கும் அளவும் நாய்க்கு நாய் மாறுகிறது. மணி தப்பித்து வருவது அதனால் இருக்கலாம். எவ்வளவு புளி ஆபத்து என்ற கணக்கை, புளியில்லாமல் சமைக்காத நம் ஊர்க் கால்நடைப் பல்கலைக்கழகம் போட்டால்தான் பொருத்தம். அரசு அதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சாம்பார் ஊற்றும் முன்பே நாயின் பங்கை எடுத்துவிடுகிறோம்: வெறும் சோறு, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, எலும்பு நீக்கியது. புளி உருண்டையையே விழுங்கிவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.