முதுகுக்கு எத்தனை புள்ளி?

வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகும் ஒருவன் நின்றான். உயர்தரத்தில் கணிதம் படிப்பவன், ஒட்டுசுட்டானில் இருந்து வருபவன். "சேர், என்ர அற்லஸ் எப்பவும் முதுகு உடைஞ்சுதான் சாகுது. பின்னுக்கு எவ்வளவு கவசம் போடவேணும்?" என்றான். அவன் கேட்டது 2013இல் வெளிவந்த மெக்வாரியர் ஒன்லைன் என்ற கணினி விளையாட்டைப் பற்றி. மாமாவின் கொமினிகேசன் கடையில், கடை பூட்டிய பிறகு விளையாடுவானாம். அன்று இரவு அந்தக் கேள்வி என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

விளையாட்டுச் சுருக்கம் இதுதான். மனிதன் உள்ளேயிருந்து ஓட்டும் மாபெரும் இரும்பு றோபோக்கள் அணி பிரிந்து சுடுபடும். கை, கால், தலை என்று ஒவ்வொரு உறுப்புக்கும் கவசப் புள்ளிகள் உண்டு. நெஞ்சுப் பகுதிக்கு மட்டும் முன், பின் என்று இரண்டு கவசம். இரண்டுக்கும் ஒரே பொதிதான்: முன்னுக்குக் கூட்டினால் பின்னுக்குக் குறையும். அற்லஸ் 100 தொன் றோபோ. அதன் நடு நெஞ்சுக்கு அடிப்படைக் கணக்கில் 124 கவசப் புள்ளிகள். அதற்கு உள்ளே எலும்புக்கூடு போல 62 புள்ளிகள். இந்த 62 முடிந்தால் றோபோ முடிந்தது.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். முன்னுக்கும் பின்னுக்கும் கவசம் வேறு வேறு. எலும்புக்கூடு ஒன்றேதான். கரிகாலன் வெண்ணிப் பறந்தலையில் எறிந்த வேல் சேரன் பெருஞ்சேரலாதனின் மார்பில் புகுந்து முதுகால் வெளியே வந்தது என்பார்கள். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி அவன் வடக்கிருந்து உயிர் விட்டான். புறப்புண்ணை இழிவென்று கண்டது நம் மரபு. உடம்புக்கு அந்த வேறுபாடு இல்லை: எந்தப் பக்கத்தால் போனாலும் வேல் போனது ஒரே நெஞ்சுக்குள்.

மாணவனுக்கு வயலை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். அவர்களுடைய வயலின் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் வீதி. கையில் இருப்பது ஒரு சுருள் முள்ளுக்கம்பி. பன்றி காட்டுப் பக்கத்தால் வரும். மாடு எப்போதாவது வீதிப் பக்கத்தால் வரும். எந்தப் பக்கத்தால் வந்தாலும் அழிவது ஒரே நெல். பன்றிகள் காட்டுப் பக்க வேலியைப் பிரித்து வயலை முழுதாக உழுது தள்ளிய நாளில், வீதிப் பக்கத்தில் மூன்று நிரைக் கம்பி இழுத்தபடி பளபளவென்று நின்றால் அந்தக் கம்பியால் ஆன பயன் என்ன?

கவசத்துக்கும் இதே கணக்கு. வழமையான ஆட்டம் ஒன்றில் நூறு அடியில் பத்து முதுகில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் 84, பின் 40 என்று பிரித்தால், மொத்தம் 162 புள்ளி அடி வாங்கியதும் றோபோ விழும். அந்த நேரத்தில் பின் கவசம் 16 அளவில்தான் தேய்ந்திருக்கும்; மிச்சம் 24 தொடப்படாமலே போய்ச் சேரும். முன் 112, பின் 12 என்று பிரித்தாலோ 186 வரை தாங்கும். 124ஐயும் 62ஐயும் கூட்டிப் பாருங்கள், அதே 186. ஒரு புள்ளிகூட வீண் போகவில்லை.

இப்போது பின்னுக்கு வெறும் 4 போடுவோம். குறையும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். மறுபடியும் 186! பின் கவசம் சீக்கிரம் கிழிந்து அடி எலும்பில் விழத் தொடங்குகிறது. ஆனால் முன் கவசம் முழுதாகத் தீரும் வரையில் அந்தக் கசிவு பத்துப் புள்ளியைக்கூடத் தொடுவதில்லை. பூச்சியம் போட்டாலும் 186தான். பொதுவாக இருக்கும் எலும்புக்கூடு, மெலிந்த பக்கத்துக்குக் கடன் கொடுத்து உதவுகிறது. தடித்த பக்கத்தில் தூங்கும் கவசத்தை எடுத்துக் கொடுக்கத்தான் எவராலும் முடியாது. முதுகில் குறைவாகப் போட்ட பிழை மன்னிக்கப்படுகிறது, கூடப் போட்ட பிழை மன்னிக்கப்படுவதில்லை. இதைக் கண்டபோது கொப்பியை மூடிவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

எல்லா ஆட்டமும் வழமையான ஆட்டம் அல்ல. எதிரியின் சின்ன றோபோ ஒன்று சுற்றி வந்து முதுகில் ஒட்டிக்கொண்டால் நூறில் எண்பது அடி பின்னால் விழலாம். அப்போது பின் 12 வைத்தவன் 92 அளவில் விழுவான், 40 வைத்தவன் 127 வரை நிற்பான். நல்ல ஆட்டத்தில் 24 நட்டம், கெட்ட ஆட்டத்தில் 35 லாபம். கணக்குப் பார்த்தால், பத்து ஆட்டத்தில் நாலுக்கு மேல் இப்படி மாட்டுப்பட்டால்தான் 40 கட்டுப்படியாகும். அவ்வளவு தரம் மாட்டுப்படுகிறவன் கவசத்தை விட்டுவிட்டு நிற்கும் இடத்தைத்தான் மாற்றவேண்டும். எலும்பு வெளியே தெரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் கருவிகளும் அடிபடும் என்பதால் பூச்சியம் வைக்கவும் நான் சொல்லமாட்டேன்.

உண்மை யுத்த டாங்கிகளைச் செய்தவர்களும் இதே வழியில்தான் யோசித்தார்கள். இங்கே பலரும் கண்ணால் கண்ட டி-55க்கு உடலின் முன் தகடு 100 மில்லிமீற்றர், அதுவும் சரித்துப் பொருத்தியதால் குண்டு போகும் பாதையில் ஏறக்குறைய 200. பின் தகடு 45 அளவுதான்.

பிறகு அவனிடம் இப்போது என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "பதினெட்டு சேர்." ஏன் பதினெட்டு? "ஒண்டும் எட்டும் ஒன்பது. பதினேழு வைச்சால் கூட்டுத்தொகை எட்டு, எட்டு ஆகாது எண்டு அம்மம்மா சொல்லுவா."

எண்சோதிடத்தில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. இந்தப் பிள்ளைகளின் தலைக்குள் அது கணிதத்துக்கு முன்பே குடியேறிவிடுவது எனக்கு உண்மையான கவலை. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் கணினி அறையின் திறப்பு மாதக்கணக்காக அலுமாரிக்குள் கிடந்தது. நிகழ்தகவைக் கரும்பலகையில் காசு சுண்டிக் காட்டித்தான் படிப்பித்தோம். அந்த அறை திறந்திருந்தால், பதினேழையும் பதினெட்டையும் ஆயிரம் தரம் ஓடவிட்டு அவர்களே பார்த்திருப்பார்கள்.

ஆனாலும் அவனுடைய பதினெட்டை அப்படியே தள்ளிவிட மனம் வரவில்லை, சோதித்துப் பார்த்தேன். விளையாட்டில் ஏசி-20 என்றொரு பீரங்கி. ஒரு குண்டுக்கு 20 புள்ளி, அரைக் குண்டு என்று ஒன்று இல்லை. பின் கவசம் 18ஐ எலும்பு 62உடன் கூட்டினால் 80, சரியாக நாலு குண்டு. பூச்சியம் வைத்தாலும் நாலு குண்டுதான்! பூச்சியம் தொடங்கிப் பதினெட்டு வரை எந்த எண்ணை வைத்தாலும் அந்தப் பீரங்கிக்கு ஒன்றே. பத்தொன்பது வைத்தால் 81. ஐந்தாவது குண்டு தேவை. ஒரேயொரு புள்ளியில் ஒரு முழுக் குண்டை வாங்கிவிடலாம். அந்தப் புள்ளியை முன்னாலிருந்து எடுத்தால்? முன் 106 என்றாலும் 105 என்றாலும் ஏசி-20க்கு ஒன்பது குண்டுதான். அங்கே ஒன்றும் குறையவில்லை.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னதும் உடனே தன் நண்பனின் 20 தொன் றோபோவுக்கும் கேட்டான். அதற்கு அடிப்படைக் கணக்கில் நடு நெஞ்சில் 24 கவசம், 12 எலும்பு. கரும்பலகையில் அவனையே போட்டுப் பார்க்க விட்டேன். பின்னுக்கு எட்டு என்றால் மொத்தம் 20, ஒரே குண்டில் முடிந்தது. ஒன்பது என்றால் 21, முதல் குண்டுக்குப் பிறகும் உயிர் இருக்கும். முன்னுக்கு 16 இருந்தாலும் 15 இருந்தாலும் இரண்டு குண்டு. சோக்கை வைத்துவிட்டுத் திரும்பி, "சேர், அப்ப எட்டு ஆகாதுதானே!" என்றான். அம்மம்மாவுக்கு இந்தக் கணக்கைக் காட்டச் சொல்லி அனுப்பினேன், 12ஐயும் 20ஐயும் மறக்காமல் எழுதிக் காட்டும்படி.