கால்கள் இன்னும் பழைய வீட்டில்தான் நடக்கின்றன

ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஆனிக் கடைசியில் வீடு மாறும் குடும்பங்கள் பல. அதன்பின் இரண்டு மூன்று வாரங்களில், "வந்ததிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை" என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களும் ஆண்டுதோறும் உண்டு. புது வீட்டில் எந்த வசதிக்கும் குறைவில்லையே என்பதுதான் பிள்ளைகளின் குழப்பம்.

ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 1967இல் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் இட்டு வெளியிட்ட பட்டியலில், வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, பணி ஓய்வுக்கு 45, வீடு மாறுவதற்கு 20 மட்டுமே. ஆனால் அந்த 20 தனியாக வருவது அரிது. அப்பா காலமான பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைச் சென்னை அடுக்ககத்துக்கு அழைத்து வருகிறோம். மேலே சொன்ன நூறும் அவரோடுதான் வண்டி ஏறுகிறது.

முதியவர்களைப் பற்றி நான் முதலில் கேட்கும் கேள்வி, கட்டிலை எந்தப் பக்கமாகப் போட்டிருக்கிறீர்கள் என்பதே. நாற்பது ஆண்டுகள் இரவில் எழுந்து இடப்பக்கம் திரும்பிக் கழிவறைக்குப் போனவரின் கால்கள், தூக்கக் கலக்கத்தில் அந்த வழியையே தேடும். புது வீட்டில் அங்கே சுவர் இருக்கும். அதனால் கட்டிலிலிருந்து இறங்கும் பக்கம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிவறை வரை மங்கலான விளக்கு ஒன்று இரவு முழுவதும் எரியட்டும். மறதி நோய் உள்ளவர் மாலையில் "வீட்டுக்குப் போகலாம்" என்று கேட்டால், இதுதான் வீடு என்று வாதிடுவதைவிட, அந்தப் பழைய வீட்டைப் பற்றி அவரைப் பேசவிட்டுக் கேட்பது பலன் தரும். அவருடைய பொருள்களை அவரைக் கேட்காமல் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். ஓர் அம்மிக்கல்லுக்காக மாதக்கணக்கில் மனத்தாங்கல் கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறு குழந்தைகள் மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கலாம். திட்டாமல் இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

சோர்வும் பசியின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். திடீரென இரவு பகல் தெரியாமல் குழம்பினால் அதை இடமாற்றத்தின் ஏக்கம் என்று ஒதுக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்; நோய்த்தொற்றும் நீர்ச்சத்துக் குறைவும்கூட முதியவர்களிடம் இப்படித்தான் வெளிப்படும். அவ்வாறு வந்த ஒருவரின் சர்க்கரை மாத்திரைகள், பிரிக்கப்படாத அட்டைப்பெட்டி ஒன்றில் பாத்திரங்களுக்கு அடியில் கிடந்தன.