கூரை கழற்ற வாடகைக்குக் குப்பைத் தொட்டி (பின்) எடுக்கிறீர்களா? முதலில் நிறையைக் கேளுங்கள்

கனடாவில், ரொறன்ரோவை அண்டிய ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் கூரை வேலை செய்து வருகிறேன். பனி கரைந்து வேலைக்காலம் தொடங்கினால் தொலைபேசியில் நான் அடிக்கடி கேட்கும் வசனம் இது: "அண்ணை, வீடு 2,400 சதுர அடி. ரூஃப் கழற்றப் போறம். பெரிய பின்னா ஒன்று எடுத்தால் சரிதானே?"

இதில் வீட்டுக் கணக்கும் தவறு, பின் கணக்கும் தவறு.

2,400 என்பது வீடு வாங்கும்போது ஏஜென்ட் சொன்ன தரைப் பரப்பு. இரண்டு மாடி என்றால் கூரைக்குக் கீழே இருப்பது அதில் பாதிதான், 1,200. அதோடு கராஜ் ஒரு 300, சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும் ஓரம் ஒரு 150 என்று வைத்தால் 1,650. கூரை சரிவாக இருப்பதால் பரப்பு இன்னும் கூடும். 12 அங்குலத்துக்கு 6 அங்குலம் உயரும் சாதாரணச் சரிவுக்கு 1.118 ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 1,840 சதுர அடி வரும். எங்கள் தொழிலில் 100 சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்போம். ஆக, 18 ஸ்கொயருக்குக் கொஞ்சம் மேலே.

இனி நிறை. ஒரு ஸ்கொயர் அஸ்பால்ட் ஷிங்கிள் (கூரை மேல் அடிக்கும் தார் பூசிய தகடு) சராசரியாக 250 இறாத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடித்த வகை 300, 400 கூட வரும். அந்தக் கூரை ஒற்றை அடுக்கென்றால் இரண்டு மெட்ரிக் தொன்னுக்குச் சற்று மேல். பழைய வீடுகள் பலவற்றில் முந்திய ஷிங்கிளைக் கழற்றாமல் அதன் மேலேயே புதிதை அடித்திருப்பார்கள். அப்படியென்றால் நான்கு தொன்னைத் தாண்டும். உக்கிய பிளைவுட், பழைய ஃபெல்ட் (ஷிங்கிளுக்குக் கீழே விரிக்கும் தார்த்தாள்) எல்லாம் தனி. இரவு மழை பெய்து அவை நனைந்தால் அந்தத் தண்ணீருக்கும் நீங்கள்தான் காசு கட்டுவீர்கள்.

அதனால்தான் பெரிய பின் வேண்டாம் என்கிறேன். 30, 40 யார்ட் (கன யார்ட் கொள்ளளவு) பின்கள் சோபா, டிரைவால் போன்ற இடம் பிடிக்கும் சாமான்களுக்கு. அதில் ஷிங்கிளை விளிம்பு வரை நிரப்பினால் லொறி வீதியில் கொண்டுபோகக்கூடிய நிறையைத் தாண்டிவிடும். சாரதி பார்த்துவிட்டு, "கொஞ்சத்தை இறக்குங்கள்" என்பார். கையால்தான் இறக்க வேண்டும். வந்து திரும்பிப் போனதற்கும் ஒரு கட்டணம் போடுவார்கள். மேலே சொன்ன ஒற்றை அடுக்குக் கூரைக்கு சுவர் உயரம் குறைந்த 10 யார்ட் பின் பொதுவாகப் போதும். இரட்டை அடுக்கென்றால் ஒன்று நிரம்பியதும் மாற்றி இரண்டாவதை எடுக்கலாம். எத்தனை அடுக்கு என்பதை ஏணி வைத்துக் கூரை ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். தொலைபேசியில் விலை பேசுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள், அல்லது பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

விலை பேசும்போது கேட்க வேண்டியது "எத்தனை டொலர்?" மட்டுமில்லை. அந்த விலைக்குள் எத்தனை தொன் அடங்கும், மேலே போனால் தொன்னுக்கு எவ்வளவு, எத்தனை நாள் வைத்திருக்கலாம், 13 வீத எச்எஸ்டி விற்பனை வரி சேர்ந்ததா? மலிவான விலை சொல்லிவிட்டு ஒரு தொன்தான் அடங்கும் என்று சிறிய எழுத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கூடுதல் நிறைக்குப் பணம் கேட்டால், குப்பை நிலையத்தில் லொறியை நிறை பார்த்துத் தந்த நிறைச் சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

கூரைக்காரரே பின் எடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம். "குப்பை எல்லாம் நாங்கள் பார்க்கிறோம்" என்று வாயால் சொன்னது போதாது. கழற்றும்போது இரண்டாவது அடுக்கு வந்தால் அந்த நிறை யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சண்டைகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

அப்புறம், நம்மவர்களிடம் ஒரு பழக்கம். "பின் வருகுதுதானே, பேஸ்மென்ட் குப்பையையும் போட்டுவிடுவம்." செய்யாதீர்கள். ஷிங்கிளை மட்டும் தனியாகக் கொடுத்தால் அதை அரைத்து வீதி போடும் தாரில் கலக்க முடியும். அதனால் தனிச் சுமைக்குச் சில நிறுவனங்கள் குறைந்த விலை தரும். பழைய மெத்தை ஒன்று விழுந்தால் அது கலப்புச் சுமையாகிவிடும். பெயின்ட், பற்றரி, புரொப்பேன் சிலிண்டர் எல்லாம் எந்தப் பின்னிலும் போடக் கூடாதவை. ரொறன்ரோவில் அவற்றை மாநகரசபையின் டிராப் ஓஃப் நிலையங்களில் கொடுக்கலாம். அக்கம்பக்கத்தார் இரவில் டயர் கொண்டுவந்து போடுவதும் நடக்கிறது. காலையில் இறக்கி, வேலை முடிந்த அன்றே எடுக்கச் சொல்வதுதான் இதற்கு நல்ல மருந்து.

1990க்கு முன் கட்டிய வீடென்றால், பிளைவுட்டைக் கழற்றுவதற்கு முன் அட்டிக்கை (கூரைக்கும் மேல்தளச் சீலிங்குக்கும் இடைப்பட்ட வெளியை) பார்க்க வேண்டும். சாம்பல்-பழுப்பு நிறத்தில் மினுமினுக்கும் சிறு கற்கள் போல வெர்மிகுலைட் என்ற பழைய வெப்பக்காப்புப் பொருள் பரவியிருந்தால் தொடாதீர்கள், கூட்டாதீர்கள். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பரிசோதித்த பிறகுதான் வேலை.

பின்னை எங்கே வைப்பது? டிரைவ்வேயில், கூரை ஓரத்துக்குக் கிட்ட. ஆனால் கராஜ் கதவை மறிக்காமல், பின்னின் கதவு திறக்க இடம் விட்டு, மேலே மின்கம்பி இல்லாத இடமாக. இன்டர்லொக் கல் பதித்திருந்தாலோ, வெயிலில் தார் இளகியிருந்தாலோ, பின்னின் இரும்புச் சில்லு நேரே அழுத்தித் தடம் விழும். சில்லுக்குக் கீழே தடித்த பலகை வைக்கச் சொல்லுங்கள். இதை லொறி வந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் பலகை இருக்காது. பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். டிரைவ்வே இல்லாமல் வீதியில் வைப்பதென்றால் ரொறன்ரோவில் மாநகரசபை அனுமதி எடுக்க வேண்டும். மற்ற நகரங்களுக்கு அவரவர் விதி. டவுன்ஹவுஸ் கொண்டோ என்றால் நிர்வாகத்திடமும் கேளுங்கள்.

பின்னை ஏற்றிப் போனதும், கூரைக்காரரை அனுப்புவதற்கு முன் காந்த உருளையை டிரைவ்வேயிலும் புல்லிலும் உங்கள் கண் முன்னால் உருட்டச் சொல்லுங்கள். பின் நின்ற இடத்தில்தான் ஆணி அதிகம் கிடக்கும். அந்த இடத்தில் இரண்டு தரம் உருட்டட்டும்.